மேலடுக்குச் சாம்பல்

“புகை ஏறினா பொழப்பை எறக்கி வை.” அதற்கு அடுத்த அடி ஒன்று உண்டு. எறக்கி வச்சவன் எதையோ எடுத்துக்கிட்டு எங்கேயோ ஏறணும் என்று வரும். பூத்தேரி என்ற மலையூரின் தலைவர், பெரியதனக்காரர், ஊர்க்கூட்டத்தில் நீட்டி முழக்கிச் சொன்னார். நான் அப்போது அளவைக் கருவிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. பாதி விழுந்ததே பெரிது. அந்த மனிதர் பேச ஆரம்பித்தால் உருளைக்கிழங்கு நட்டு அறுவடையே செய்துவிடலாம்.

இல்லை, பழனிக்குப் போகவில்லை. மொட்டையைப் பார்த்ததும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கொடைக்கானலில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரும் கேட்டார். இது வேண்டுதல் மொட்டை இல்லை. உங்களுக்கு வத்தலக்குண்டா? நான் மதுரை வரைக்கும். ஜன்னல் ஓரம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது பைக்குள் வந்துவிட்டது, இனிமேல் இந்த மலையில் பார்க்க ஒன்றும் இல்லை.

என் பெயர் குரு, தொழில் தொல்லியல். மலை உச்சிகளில் வாழ்ந்த பழங்கால மக்கள் ஒருவருக்கொருவர் எப்படிச் சேதி சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு மலையில் இருந்து அடுத்த மலைக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம்தான், ஆனால் நடந்தால் ஒரு பகல். இடையில் பள்ளம், ஓடை, காடு. எதிரி வருகிறான், மாடு தொலைந்துவிட்டது, ஆள் வேண்டும் என்றால் எப்படிச் சொல்லியிருப்பான்? புகைதான். இருபது வருஷம் இங்கிலாந்தில் உட்கார்ந்து கணினியில் இந்த மலைத்தொடர் முழுவதையும் அளந்தேன். எந்தப் பாறையில் நின்றால் எந்தப் பாறை தெரியும் என்று ஒரு சங்கிலி போட்டேன். அந்தச் சங்கிலியில் இருந்த புகை மேடைகளில் பாதியை யூகலிப்டஸ் தின்றுவிட்டது, மீதியின் மேல் விடுதி கட்டிவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் கலையாமல் இருந்தது. பூத்தேரிக்கு மேலே இருக்கிற புகைப்பாறை. வட்டமாகக் கல் அடுக்கி, நடுவில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் இறுகிக் கிடக்கிறது. அதன் அடிச் சாம்பலை எடுத்து வயது கணித்துவிட்டால் போதும். இந்த மலைக்காரர்கள் எத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் பேச ஆரம்பித்தார்கள் என்று உலகத்துக்குச் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் வேலையை விட்டுவிட்டு வந்தேன். மனைவியும் மகளும் அங்கேயே இருக்கிறார்கள். இந்த ஒரு பருவம்தான் எனக்குக் கெடு. மழை இறங்கிவிட்டால் தோண்ட முடியாது.

மேலடுக்கில் புதுச் சாம்பல் இருந்தது. கரிக்கட்டைகூட இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் கஞ்சி காய்ச்சியிருப்பார்கள் என்று எழுதிக்கொண்டேன். எங்கள் தொழிலில் மேலடுக்கு என்பது குப்பை. அதை வழித்துப் போட்டுவிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும்.

தோண்டுவதற்கு ஊர் சம்மதம் வேண்டும், பாறை ஊர்ப் பொது. பெரியதனக்காரர் பெயர் சென்னியப்பன். எழுபது வயது, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “பாறைய அளங்க சார், படம் புடிங்க, மேல உக்காந்து சோறுகூடத் திங்கலாம். தீ மட்டும் ஆகாது. தோண்டுறதப் பத்திப் பொறவு பேசுவோம்” என்றார். தீ ஆகாது என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? வெயில் காலம், காடு பற்றிக்கொள்ளும், அதுதானே? வழியெல்லாம் வனத்துறை போர்டு அதைத்தானே சொல்கிறது? தீயணைக்கத் தண்ணீர்க் குடம், பச்சைத் தழை எல்லாம் வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் மூட்டினேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சோதனைக்காகத்தான் மூட்டினேன். கணினி சொல்வது வேறு, கண் பார்ப்பது வேறு. எதிர்மலையில் கடம்பவரை என்று ஒரு ஊர். அதற்கு மேலே உள்ள முகட்டில் மெர்சி கேமராவோடு நின்றாள். திண்டுக்கல்லில் விரிவுரையாளர், என்னோடு சேர்ந்து வேலை செய்தவள். அவளும் முந்தின நாள், “ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு மூட்டலாமே சார்” என்றாள். கேட்டால் அந்தக் கிழவர் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடுவார். வேண்டாம் என்றேன்.

காலை வெயிலில் மூட்டினேன். பச்சைத் தழையைப் போட்டதும் தூண் மாதிரி ஏறியது புகை. வாக்கி டாக்கியில் கேட்டேன், தெரிகிறதா என்று. “பனி மூடியிருக்கு சார், ஒண்ணும் தெரியல” என்றாள். இன்னும் தழை போட்டேன். “இல்ல சார்.” முகட்டை விட்டுக் கொஞ்சம் இறங்கிப் பார்க்கச் சொன்னேன். இறங்கிப் பார்த்தும், “இல்ல சார்.” தோல்வி என்று எழுதிவிட்டு அணைத்தேன். இன்றைக்கும் என் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. புகை எட்டவில்லை.

பாறையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தால் ஒரு மாதிரியாக இருந்தது. வயலில் யாரும் இல்லை. பெண்கள் எல்லாம் அவரவர் வாசலில் நின்று தெருவை எட்டிப் பார்த்தார்கள். “உங்க வீட்ல எல்லாரும் இருக்காகளா?” என்று ஒருத்தி எதிர்வீட்டைக் கேட்டாள். “இங்க இருக்கோம். மேலத்தெருவுல போயிக் கேளு.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருவிழாவோ என்று நினைத்தேன்.

மதியம் தாண்டியதும் ஓடைப் பக்கமிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். கடம்பவரைக்காரர்கள். முன்னால் கொட்டு, பின்னால் தலையில் அரிசி மூட்டை, ஒரு ஆள் கையில் மடித்த கோடி வேட்டி. வந்தவர்கள் கை கால் எல்லாம் மண். பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் பிடுங்கின பூண்டைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மழை பெய்தது. அந்தப் பூண்டு முழுக்க அழுகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்கள். மழை பெய்ததற்கும் நான்தான் பொறுப்பா, சொல்லுங்கள்.

சாவடிக்கு முன்னால் வந்து நின்றார்கள். சுமையை இறக்கவில்லை. கொட்டுக்காரருக்குப் பின்னால் நின்ற பெரிய மீசைக்காரர் கேட்டார்: “யாரு?”

ஒரே சொல். யாரு. ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் சட்டையெல்லாம் புகை நாற்றம்.

சென்னியப்பன் என்னைச் சாவடிக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“சார், நீங்களா மூட்டுனது?”

“ஆமாங்க. ஒரு சோதனைக்காக.”

“சோதனைன்னா?”

“எதிர்மலைக்குத் தெரியுதான்னு பாக்க.”

“தெரிஞ்சிருச்சு, வந்துட்டாக. இப்ப செத்தது யாருன்னு சொல்லுங்க.”

நான் விளக்கினேன். ஆராய்ச்சி, பழங்காலம், சங்கிலி, எல்லாம். அவர் கம்பளிக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் சொன்னார்: “எங்க அப்பன் காலத்துல, அவக அப்பன் காலத்துல, இந்தப் பாறையில பொய்ப் புகை ஏறுனதில்ல. ஏறுச்சுன்னு தெரிஞ்சா அந்த ஊரு இனிமே எங்க புகைக்கு வராது. பொண்ணு குடுக்காது, எடுக்காது. நாளைக்கு நான் செத்தா தூக்க ஆளு பாதிதான் இருக்கும். அவக மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு நிக்கிறாக சார். பேரு சொன்னாத்தான் எறக்குவாக. மூட்டுனவன்தான் பேரு சொல்லணும். மூட்டுனவனுக்கு ரத்தச் சொந்தமா இருக்கணும்.”

“இல்லைன்னு சொன்னா?”

“பாறைய மறந்துருங்க. ஊரையும்.”

அதுதான் விஷயம். பாறையை மறக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்?

ரத்தச் சொந்தம் என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா ஏற்கெனவே போய்விட்டார்கள். மகள் பெயரைச் சொல்ல எந்த அப்பனுக்கு நாக்கு வரும்? மிச்சம் ஒருத்தன்தான். பேச்சுவார்த்தை அற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆன ஒருத்தன். அவனை இந்த உச்சியில் யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே வந்து சொன்னேன்: “எங்க அண்ணன். வத்தலக்குண்டு. சடையாண்டி.”

மீசைக்காரர், “மோட்டார் சடையாண்டியா?” என்றார்.

ஆமாம், மோட்டார் ரிப்பேர்தான் அவன் தொழில். எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற சின்னக் கடை. நான் தலையை ஆட்டினேன். அரிசி மூட்டை தொப்பென்று விழுந்தது. இறக்கவில்லை, விழுந்தது. மீசைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விருமாயி என்று ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, “எங் கெணத்து மோட்டாரக் கொட்டுற மழையில வந்து எறங்கித் தூக்குனானே, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமப் போனானே” என்று ஆரம்பித்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. இந்த இரண்டு மலையிலும் அவன் கை படாத மோட்டார் இல்லையாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கே மழித்துவிட்டார்கள். அங்கே வழக்கம் அது. புகை போட்டவனுக்கு முதல் நாளே மொட்டை, கருமாதி வரை அவன் மலையை விட்டு இறங்கவும் கூடாதாம். சாவடியில் ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் என் கையைத் தொட்டுவிட்டு அழுதார்கள். “நீதான் அந்தத் தம்பியா? எந்தம்பி வெளிநாட்டுல கல்லப் படிக்கிறான், கல்லு அவங்கிட்டப் பேசும்னு சொல்லிக்கிட்டே இருப்பானே” என்றார்கள். அவன் பேச்சு அப்படித்தான். என் வேலையைக் கிண்டல் பண்ணாமல் அவனால் இருக்க முடியாது.

அவனோடு ஏன் பேச்சில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நாங்கள் இரண்டே பேர். அவன் பத்தாவதோடு நின்று கடையில் உட்கார்ந்தான். நான் கொடைக்கானலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பிறகு மதுரை, பிறகு வெளிநாடு. அவன் சம்பாதித்துத்தான் படித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா இறந்தபோது எனக்குச் சொல்லாமல் எடுத்துவிட்டான். எல்லாம் முடிந்து வேறு யாரோ ஒருவர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. போன் போட்டேன், போகவில்லை என்கிறான். நம்பர் மாற்றியிருந்தேன், உண்மைதான். வீடு மாறும்போது நம்பர் மாறத்தானே செய்யும்? மாறின நம்பரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? பெற்ற அப்பனின் சாவை மகனுக்குச் சேர்க்கத் தெரியாதவன் என்ன அண்ணன்? அன்றோடு அவன் உறவை அறுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பூத்தேரியில் போன் எடுக்காது. அதனால் மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு ஆள் துக்கம் கேட்க வத்தலக்குண்டுக்குக் கிளம்பியிருக்கிறான், கோடி வேட்டியையும் எடுத்துக்கொண்டு. என்னிடம் சொல்லிக்கொண்டு போனானா? இல்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். போய்க் கடை வாசலில் நின்று அழுதிருக்கிறான். உள்ளேயிருந்து சடையாண்டி, “யாருப்பா அது, மோட்டார் எரிஞ்சதுக்கு இப்படியா அழுவாங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

அன்று சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

நான் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன். சாவடியில் சத்தம் அப்படியே அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன். தலை நரைத்திருந்தது. இடது முழங்காலை இழுத்து இழுத்து நடந்தான். அந்தக் கோடி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நீங்களே சொல்லுங்கள், இது கேலி இல்லையா? தனக்குப் போட எடுத்த கோடியை எவனாவது இடுப்பில் கட்டிக்கொண்டு வருவானா?

விருமாயி அம்மாள் போய் அவன் கையைக் கிள்ளிப் பார்த்தாள்.

“கிள்ளாத ஆத்தா, வலிக்குது. எனக்குன்னு எடுத்த வேட்டி, எட்டு முழம், கரை நல்லா இருந்துச்சு. சும்மா மடிச்சு வைப்பாகளா?” என்றான். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. மீசைக்காரரும் சிரிக்கவில்லை. பெரியதனக்காரர் என்னைப் பார்த்து, “இது யாரு சார்?” என்றார்.

எனக்கு முந்திக்கொண்டு அண்ணன் சொன்னான்.

“அவன் சொன்னதுல பொய் இல்ல பெரியவரே. அவனுக்கு நான் செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு. அவன் இருந்த ஊர்ல புகை போடப் பாறை இல்ல. இங்க வந்துதான் போட முடிஞ்சிருக்கு. தாமதமான சாவு, அவ்வளவுதான். உங்க பாறை மேல பழி வராது.”

பார்த்தீர்களா? இத்தனை பேர் முன்னால் என்னை அவமானப்படுத்த வேண்டும் என்றே கிளம்பி வந்திருக்கிறான். குடும்ப விஷயத்தை ஊர்ச் சாவடியில் போட்டு உடைத்தான்.

சென்னியப்பன் எழுந்தார். பிறகு மீசைக்காரரோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். “ஊரை அத்துக்கிட்டுப் போனவனுக்கும் புகை போட்டிருக்கோம். உசுரு போனாத்தான் சாவுன்னு இல்ல, உறவு போனாலும் சாவுதான். அதனால பொய்ப் புகைன்னு சொல்ல மாட்டோம், இப்போதைக்கு” என்றார். “கருமாதி வரைக்கும் பாப்போம். அன்னிக்கு மூட்டுனவன் பாறையில ஏறி முடிப்புத் தீ வைக்கணும். வச்சா சாவு சாவுதான். இந்த மலை மேலயும் மலைக்குக் கீழயும் நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி இல்ல. ஒருத்தன் கையால ஒருத்தன் தண்ணி குடிக்கக் கூடாது. ஆனா தீ வச்சவனுக்குப் பாறை பாத்தியம். தோண்டிக்கங்க, ஊரு கேக்காது.”

“வைக்கலைன்னா?” என்று அண்ணன் கேட்டான். நான் கேட்கவில்லை, அவன் கேட்டான்.

“வைக்கலைன்னா அண்ணன் உசுரோட இருக்கான், புகை பொய்யி. ரெண்டு பேருமாச் சேந்து ஓடையத் தாண்டிக் கடம்பவரைக்கு ஏறிப் போயி, ஊரு முன்னால கால்ல விழுகணும். தப்பு எங்க ரெண்டு பேரோடது, பூத்தேரிய ஒண்ணும் சொல்லாதீகன்னு கேக்கணும். அவக மன்னிப்பாக. பாறைய மட்டும் தொடக் கூடாது, எப்பவுமே.”

மீசைக்காரர் என்னைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

அண்ணன் என் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். “ஏன்டா குரு, விழுந்துருவோமா? ஏத்தம் கொஞ்சம் செங்குத்து. மெல்லப் போவோம். விழுகுறது எனக்குச் சுளுவு. எந்திரிக்கிறப்பத்தான் முட்டி பிடிக்கும், நீ கை குடு” என்றான். என்ன நக்கல் பாருங்கள். நான் பாயில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அப்பாவ ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம்டா. ஒங் காலேஜுக்கும் போன் போட்டேன். அங்க ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. உம் பேரத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அதுக்கு வேற ஒண்ணும் சொல்ல எனக்குத் தெரியல.”

எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னிடம் சொல்லவே இல்லை. அதை அவனிடம் சொன்னேன். “சரி விடு” என்றான். விடு என்று சொல்ல இவன் யார்?

கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது, “கருமாதிக்கு வந்துடறேன். எங் கருமாதிக்கு நானே வரலைன்னா நல்லா இருக்காது” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். அதற்கும் சிரித்தார்கள். அவனுக்கு எங்கே போனாலும் சிரிக்க ஆள் கிடைத்துவிடும்.

அதற்குப் பிறகு அந்தப் பாயில் உட்கார்ந்து நான் என்ன பாடுபட்டேன் என்று யாருக்குத் தெரியும்? மெர்சி வந்து ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சார், நாம தேடுறது இதுதானே? அடிச் சாம்பல் எதுக்கு? பனியில என் கேமராவுக்குத் தெரியாதது, பூண்டு பிடுங்கிட்டு இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டு எழுதினாலே போதுமே” என்றாள். நல்ல பெண். ஆனால் பயிற்சி போதாது. ஒரு விபத்தைச் சான்று என்று எழுத முடியுமா? அந்த ஆட்கள் தற்செயலாகப் பார்த்தார்கள். பார்த்ததை அளவிட முடியாது. அளவிட முடியாததை நான் எந்த மாநாட்டில் போய்ச் சொல்வது? ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் பேசினார்கள் என்பதுதான் கண்டுபிடிப்பு. நேற்று யார் யாரோடு பேசினார்கள் என்பது வம்பு. அதைச் சொன்னேன். மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

கருமாதி அன்று பனி இல்லை. வெள்ளை வெயில். இரண்டு ஊரும் சாவடிக்கு முன்னால் கூடியிருந்தது. கடம்பவரைக்காரர்கள் ஒரு பக்கம், பூத்தேரிக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் வழி விட்டு நின்றார்கள். அந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மேலே பாறைக்கு. ஒன்று கீழே ஓடைக்கு, ஓடையைத் தாண்டிக் கடம்பவரைக்கு.

அண்ணன் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டான். முழங்காலில் துணி சுற்றியிருந்தான், கையில் ஒரு கம்பு. நேராகப் போய் ஓடைப் பாதையின் தலைப்பில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டான். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். காலில் விழப் போகிறவன் செருப்போடு போகக் கூடாதாம். என்னை ஒரு தடவைதான் பார்த்தான். அப்புறம் எதிர்மலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

சென்னியப்பன் ஒரு மண்சட்டியில் நெருப்புத் துண்டுகளை வைத்து என் முன்னால் நீட்டினார். “சார், ரெண்டுல ஒண்ணு” என்றார். வழக்கமாக நீட்டி முழக்குகிற மனிதர், அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

நான் சட்டியை வாங்கிக்கொண்டு பாறைக்கு ஏறினேன். முடிப்புத் தீயை வைத்தேன்.